கண்டக்டர் சித்தியும் ஆனர்ஸ் வைவாவும்

அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் ஓர் அதட்டல் வாங்கிக்கொள்ள வேண்டும். "படியில என்ன வேடிக்கை? உள்ள போங்க. உள்ளேன்னா உள்ள! ஏங்க, பை வச்சிருக்கவரே, உங்க பைக்கு என்ன கால் வலியா? மடியில எடுத்து வைங்க. நீ இப்படி வாம்மா, அவர் நகர்ந்துக்குவார். நகருங்க சார், பக்கத்துல உக்காந்தா கடிச்சா வச்சிடுவாங்க?" என்று கண்டக்டர் அக்கா ஆரம்பித்தால், நின்றவன் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தவன் நகர்ந்துவிடுவான். எதற்கு நகர்ந்தோம் என்று அவன் யோசிப்பதற்குள் அவன் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

ஊருக்கெல்லாம் அவள் அக்கா. ஒரே ஒருத்திக்கு மட்டும் சித்தி. இந்தக் கதையே அந்த ஒருத்தியால் வந்தது என்பதால் நாமும் சித்தி என்றே சொல்லிக்கொள்வோம். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொன்னாலும் பதிலுக்கு நம்மால் பேச முடியாது.

யூனிஃபார்மைக் கழற்றி மாட்டிய பிறகும் சித்திக்கு டியூட்டி முடியாது. பல் வலி என்று டாக்டரிடம் போவாள். காத்திருக்கும் அறையில் நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். வீங்கிய கன்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லோரையும் ஒரு வரிசையாக உட்கார வைத்துவிட்டுத்தான் தன் பல்லைப் பற்றி யோசிப்பாள். டாக்டர் வெளியே எட்டிப் பார்த்து, "என்ன இன்னைக்கு, பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு?" என்று கேட்டாராம். சித்தப்பா கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசாதவர். கல்யாணமான நாளிலிருந்து கட்டிலில் தனக்கு எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

ஆனால் நேரில் கேட்டுப் பாருங்கள். "நானா? நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்க. நான் உண்டு, என் வேலை உண்டு," என்பாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள், மனதார அப்படித்தான் நம்பினாள். அதில்தான் வினை.

அந்த ஒருத்தி, சித்தியின் அக்கா மகள். அக்கா தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகல் ஒரு ஷிஃப்ட், இரவு ஒரு ஷிஃப்ட். அதனால் பெண்ணைச் சின்ன வயதிலேயே தங்கை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டாள். பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. காரணப் பெயர்தான். ஈரத் துண்டை எங்கே காயப்போடுவது என்பதில் தொடங்கி, உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது வரைக்கும் அவளுக்கும் சித்திக்கும் வாக்குவாதம் நடக்காத நாள் கிடையாது. "நீ சும்மா இரு சித்தி, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று இவள் எகிறுவாள். "எல்லாம் தெரிஞ்ச மகாராணி, முதல்ல சாப்பிட்ட தட்ட கழுவு" என்று அவள் எகிறுவாள். நடுவில் சித்தப்பா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கடிகாரத்துக்குள் ஒளிந்துகொள்வார்.

வாயாடி சேர்ந்த கல்லூரி ஒரு தினுசானது. அங்கே எல்லோரும் எல்லாமும் படித்தார்கள். காலையில் புள்ளியியல், மதியம் நாடகம், நடுவில் மண்ணைப் பற்றி ஒரு பாடம். பக்கத்து வீட்டு அம்மாள், "இதெல்லாம் படிச்சு கடைசில என்னதான் ஆவா?" என்று கேட்டுவிட்டாள். "எல்லாம் ஆவா. உங்களுக்கு எது வேணுமோ அது ஆவா. போதுமா?" என்று சொல்லிவிட்டுச் சித்தி கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு உள்ளே வந்து, "ஏன்டி, கடைசில என்னதான் ஆவே?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

அந்தக் கல்லூரியில் ஆனர்ஸ் என்று ஒன்று உண்டு. கடைசி வருடம், பொறுக்கி எடுத்த சில பேர் மட்டும் தலைக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்க அதையே குடைய வேண்டும். ஆய்வேடு எழுத வேண்டும். பிறகு மூன்று பேர் முன்னால் நின்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் வைவா. வாயாடியையும் பொறுக்கி எடுத்திருந்தார்கள். ஆனர்ஸோடு வந்தால் மேல்படிப்புக்கு இடம் உண்டு என்று ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவளுக்கு எழுதியிருந்தது. ஆனர்ஸ் இல்லையா, இடமும் இல்லை. சித்தி இதைப் பஸ் முழுக்கச் சொல்லி முடித்து, டிப்போவிலும் சொல்லி முடித்தாள்.

இந்த நிலையில் ஒரு நாள் வாயாடியின் வழிகாட்டிப் பேராசிரியை சித்தியைக் கல்லூரிக்கு வரச் சொன்னார்.

"உங்க பொண்ணு ரொம்ப நல்லா எழுதுறா. ஆனா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. அவ வீட்டுல பேசுவாளா?"

சித்தி சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் பாடம் நின்றது. "நீங்க வேற யாரையோ சொல்றீங்க மேடம். எங்க வீட்டுல கொஞ்ச நேரம் வாய மூடுடின்னு கெஞ்சிக்கிட்டு இருக்கோம்!"

"இங்க வாயே திறக்கறதில்லைங்க. வகுப்புல கேள்வி கேட்டா எழுந்து நிக்கிறா, அப்படியே நிக்கிறா. கண்ணுல தண்ணி வருதே தவிர வார்த்தை வரல. எழுத்து எவ்வளவு நல்லா இருந்தாலும் வைவால பதில் சொல்லலைன்னா ஆனர்ஸ் கொடுக்க மாட்டாங்க. நானே நினைச்சாலும் முடியாது."

வீட்டுக்கு வந்ததும் சித்தி முதல் முறையாக மெதுவாகக் கேட்டாள். "என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியல சித்தி. தெரியாதவங்க கேள்வி கேட்டதும் தொண்டை அடைச்சுக்குது. பதில் எல்லாம் உள்ள வரிசையா நிக்குது. ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

"படியில எவனோ நின்னு மறிக்கிறான்," என்றாள் சித்தி. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதட்டல் ஒன்றுதான். தொண்டையை எப்படி அதட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆய்வு என்னவோ ஜோராக நடந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாத மனிதர்கள் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், ஏன் உட்காருகிறார்கள் என்பதுதான் வாயாடி எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு சித்தியின் பஸ்ஸைவிட வசதியான இடம் எது? கடைசி சீட்டின் மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தாள். மற்ற ஊர்களில் இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். மனிதன் முடிந்தவரை தனியாகத்தான் உட்காருவான். பக்கத்து சீட்டில் பையை வைத்துக் காவல் காப்பான். வழியில்லாமல்தான் இன்னொருவனுக்கு இடம் விடுவான். இந்த பஸ்ஸில் அப்படி இல்லை. வண்டி பாதி காலியாக இருக்கும்போதே ஒட்டி ஒட்டி உட்கார்ந்தார்கள். பை மடியில் இருந்தது. குழந்தைகள் கை மாறின. இந்த வழித்தடத்து மக்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு அபார நம்பிக்கை என்று வாயாடி ஆய்வேட்டில் எழுதினாள். "நம்ம ரூட்டு ஜனங்க மாதிரி வருமா!" என்று சித்தி பூரித்துப் போனாள். பூரித்துக்கொண்டே, "பையை மடியில வைங்க!" என்று ஒருவரை அதட்டினாள்.

வழிகாட்டிப் பேராசிரியை பஸ்ஸில் வருகிறவர் இல்லை, ஸ்கூட்டரில் வருகிறவர். ஆய்வேட்டைப் படித்தபோது அவருக்கும் சந்தேகம் எதுவும் தோன்றவில்லை.

வைவா நாள் வந்தது. வீட்டார் வந்து பின்வரிசையில் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது கல்லூரி வழக்கம். பேராசிரியை முன்கூட்டியே சித்தியைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "கேள்வி எல்லாம் கொஞ்சம் கடுமையா இருக்கும். அது திட்டு இல்லைங்க. நல்ல ஆய்வைத்தான் குடைஞ்சு கேப்பாங்க. மோசமா இருந்தா சும்மா தலையாட்டி அனுப்பிடுவாங்க." சித்தி பலமாகத் தலையாட்டினாள். ஒரு காதில் வாங்கியதை மறு காதில் விட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

டியூட்டியை மாற்றிக்கொள்ள முடியாததால் பஸ்ஸின் இரண்டு நடைக்கு நடுவில், யூனிஃபார்மோடு, கழுத்தில் விசிலோடு வந்து உட்கார்ந்தாள். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் வழிகாட்டி. இன்னொருவர் வயதான தத்துவப் பேராசிரியர். சம்பந்தமில்லாத துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டுமாம், அதற்காக அவர். மூன்றாமவர் வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒல்லியான வெளியூர்க்காரர். அவர் பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருந்ததே சித்திக்குப் பிடிக்கவில்லை.

வாயாடி தயாரித்து வந்ததைத் திரையில் காட்டிப் படித்தாள். தடங்கல் இல்லாமல் முடித்தாள். சித்தி பெருமூச்சு விட்டு நிமிர்ந்தாள்.

வெளியூர்க்காரர் கேட்டார். "அருமையா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். இவங்க எல்லாரும் தானா போய் உக்காந்தாங்களா, இல்ல யாராவது இங்க உக்காரு, அங்க உக்காருன்னு சொன்னாங்களா?"

வாயாடி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"ஏன் கேக்கறேன்னா, யாராவது சொல்லித்தான் உக்காந்தாங்கன்னா நீங்க எழுதின நம்பிக்கை எல்லாம் ஆட்டம் கண்டுடும் இல்லையா? மொத்த ஆய்வுமே சரிஞ்சுடும்."

வாயாடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் பேயறைந்த மாதிரி வெளுத்தது. வழிகாட்டி, "பரவாயில்லம்மா, யோசிச்சு சொல்லு," என்றார். யோசிக்க என்ன இருக்கிறது, உள்ளே எல்லாம் வரிசையாக நிற்கிறது என்று சித்திக்குத் தெரியும். பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெளியூர்க்காரர் பென்சிலை எடுத்து எதையோ குறித்தார். அவ்வளவுதான், சித்தி எழுந்துவிட்டாள்.

"என்ன சார் கேள்வி இது? ஒரு வருஷம் என் பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி எழுதின பொண்ணு. ஒத்த கேள்வில சரிஞ்சுடும்னு சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? அந்த பஸ்ஸுக்கு நான்தான் கண்டக்டர். என்னைக் கேளுங்க. நான் யாரையாவது இங்க உக்காரு, அங்க உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? அவங்களா வராங்க, அவங்களா உக்கார்றாங்க!"

சத்தம் கேட்டு வராந்தாவில் போன மாணவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சித்தி திரும்பிப் பார்த்தாள். வழியை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். மேற்கொண்டு நடந்ததற்கு அவள் மூளை பொறுப்பில்லை, வாய்தான் பொறுப்பு.

"ஏன் வாசல்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க. உள்ளேன்னா உள்ள! தம்பி, பையை மடியில எடுத்து வை, அந்தப் பொண்ணு உக்காரட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒட்டி உக்காருங்க. மேடம், நீங்க ஜன்னல் பக்கம் போயிடுங்க. சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க, பெரியவர் முட்டி இடிக்குது பாருங்க."

எல்லோரும் நகர்ந்தார்கள். வழிகாட்டி ஜன்னல் பக்கம் போனார். வெளியூர்க்காரர் தன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மேசையின் ஓரத்து நாற்காலிக்குத் தள்ளி உட்கார்ந்தார். தத்துவப் பேராசிரியர் காலை வசதியாக நீட்டிக்கொண்டு, "நன்றிம்மா," என்றார்.



வெளியூர்க்காரர் தன் மடியைப் பார்த்தார், காலியாகிப்போன தன் நாற்காலியைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். "அம்மா, நான் எப்படி இங்க வந்தேன்?"

"நான் நகரச் சொன்னேன், நகர்ந்தீங்க," என்றாள் சித்தி. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. பெண்ணின் ஒரு வருட உழைப்பைத் தன் வாயாலேயே சந்தி சிரிக்க வைத்துவிட்டோம் என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

"சித்தீ!"

வீட்டில் ஈரத் துண்டுக்காக வரும் அதே சத்தம். "உன்ன யாரு பேசச் சொன்னா? அவர் திட்டினாரா? கேள்விதானே கேட்டார்! நல்ல கேள்வி. நானே என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி!"

"அப்ப உன் ஆராய்ச்சி தப்புங்கிறியா?" சித்திக்கும் வீட்டுக் குரல் வந்துவிட்டது.

"தப்புன்னு எங்க சொன்னேன்? நான் பார்த்தது சரி. ஜனங்க ஒட்டித்தான் உக்காந்தாங்க. ஏன்னு எழுதினேன் பாரு, அதுதான் தப்பு. நம்பிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ!"

"நானா?"

"பின்ன யாரு? இப்ப என்ன பண்ணினே? மூணு பேராசிரியருங்கள பஸ்ஸுல அடைக்கிற மாதிரி அடைச்சு வச்சிருக்கே!"

"அப்ப ஏன்டி அதை எழுதல? பக்கத்துலதானே உக்காந்திருந்தே, காது கேக்கலையா?"

"கேக்கலதான். சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். உன் குரல் எனக்கு வீட்டு ஃபேன் மாதிரி சித்தி. ஓடுதுன்னே தெரியாது. நின்னாத்தான் தெரியும்."

வெளியூர்க்காரர் ஆள் கெட்டிக்காரர். ஓசைப்படாமல் எழுந்துவந்து சித்தியின் காதருகே குனிந்தார். "அம்மா, நீங்க லீவு போட்ட நாள்ல எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க."

"நான் லீவு போட்ட அன்னைக்கு எப்படிடி இருந்துச்சு?"

"எங்க பார்த்தேன்? உனக்கு ஜுரம்னு நானும் வீட்டுலதானே இருந்தேன்! அதான் பெரிய ஓட்டை. நீ இருக்கிற பஸ் மட்டும்தான் என்கிட்ட இருக்கு. நீ இல்லாத பஸ் இல்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் எது உன்னால, எது அவங்களாலன்னு பிரிக்க முடியும்."

தத்துவப் பேராசிரியருக்கும் ஆசை வந்துவிட்டது. "சொன்னதுக்காக செய்யறதுக்கும், மனசார செய்யறதுக்கும் என்ன வித்தியாசம்னு கேளுங்கம்மா."

"இதெல்லாம் ஒரு கேள்வியா சார்?" என்று முகத்தைச் சுளித்தாலும் சித்தி கேட்டுவிட்டாள்.

"இருக்கு சித்தி, வித்தியாசம் இருக்கு," என்றாள் வாயாடி. இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "பையை எடுக்கிறது உனக்கு பயந்துதான். நகர்றதும் உனக்கு பயந்துதான். ஆனா நகர்ந்த பிறகு பேச ஆரம்பிச்சுடறாங்க. பக்கத்துல இருக்கிறவ குழந்தைய வாங்கி மடியில வச்சுக்கிறாங்க. அதை நீ சொல்லல. ஒரு தடவை கூட நீ சொன்னதில்ல. முதல்ல ஒரு தள்ளு வேண்டியிருக்கு, அவ்வளவுதான். நான் அந்தத் தள்ளுக்கு அப்புறம் நடந்ததை மட்டும் எழுதிட்டேன்."

யாரும் எதையும் குறிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வாயாடிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, முகத்தில் அசடு வழிந்தது.

மூன்று பேரும் கலந்து பேசும்போது மாணவி வெளியே நிற்க வேண்டும். சித்தியும் கூடவே போய் நின்றாள். "நான் வந்திருக்கக் கூடாதுடி," என்றாள். "உனக்கு ஒண்ணுன்னா என்னால கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியாது. அது என் குத்தம்தான். உன் படிப்பையே கெடுத்துட்டேன்." வாயாடி சித்தியின் யூனிஃபார்ம் காலரைச் சரிசெய்துவிட்டு, அவளை ஒட்டி நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. ஆனர்ஸ் உண்டு. ஒரு நிபந்தனையும் உண்டு. கண்டக்டர் பேசாமல் இருக்கும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்துத் தர வேண்டும். "அது கஷ்டம் சார்," என்றாள் வாயாடி, வெளியூர்க்காரரை நேராகப் பார்த்து.

மறு வாரம் சித்தி வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வந்தாள். டிக்கெட் கொடுத்தாள், விசில் ஊதினாள், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறியவர்கள் படியை ஒட்டியே நின்று அவள் முகத்தைப் பார்த்தார்கள். "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். முன்னாலிருந்து டிரைவர், "தங்கச்சி, வண்டியில இருக்கியா, இறங்கிட்டியா?" என்று குரல் கொடுத்தார். சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசி சீட்டின் மூலையில் வாயாடி குறித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜனங்கள் உலகத்து ஜனங்களாக ஆனார்கள். ஜன்னலோரம் ஆளுக்கொரு சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பையை வைத்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். அவளுக்கு நேர் எதிரே ஒரு தடியன் பையை சீட்டில் உட்கார வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி ஒரு வளைவில் திரும்பியது. குழந்தை வீறிட்டது. சித்தியின் வாய் துடித்தது. பெண்ணின் அத்தியாயம் கெட்டுவிடுமே என்று உதட்டை உள்ளே மடித்து அடக்கிக்கொண்டாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"அண்ணே! பையை மடியில வைங்க! அந்தக்கா உக்காரட்டும்!"

பின்னாலிருந்து வந்த குரல். சித்தி திரும்பிப் பார்த்தாள். கடைசி சீட்டில் வாயாடி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு வண்டி ஜனத்தின் முன்னால், முகமெல்லாம் சிவந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு. "படியில நிக்கிறவங்க எல்லாம் உள்ள வாங்க. உள்ளேன்னா உள்ள! ஒட்டி உக்காருங்க, யாரும் யாரையும் கடிக்க மாட்டாங்க!"

தடியன் பையை எடுத்தான். குழந்தைக்காரி உட்கார்ந்தாள். படியில் நின்றவர்கள் உள்ளே நகர்ந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றபோது குழந்தை தடியன் மடியில் இருந்தது.

"ஆராய்ச்சி போச்சேடி!" என்று சித்தி இந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

"நாளைக்கு மறுபடி எடுத்துக்கலாம் சித்தி!"

சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிலை ஊதினாள். வண்டி நகர்ந்தது.